கயிற்றைப் பிடித்திருக்கும் கை

தூத்துக்குடிக்குத் திருமந்திர நகர் என்று ஒரு பழம்பெயர் உண்டு. இறைவன் உமையம்மைக்கு மந்திரப் பொருளை உபதேசித்த இடம் என்பது தலவரலாறு. சங்கரராமேசுவரர் பாகம்பிரியாள் அம்மையுடன் எழுந்தருளியிருக்கும் அவ்வூரின் கடலடியிலிருந்து எடுக்கப்படும் சங்குகள் தமிழகத்துப் பூசையறைகளுக்கும் திருக்கோயில்களுக்கும் செல்கின்றன. வளையல் அறுப்பதற்காக வங்காளம் வரையிலும் செல்கின்றன. ஒருகாலத்தில் இதே கடலில் முத்தும் குளித்தார்கள். 1961-ஆம் ஆண்டோடு அரசு நடத்திய பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்துவிட்டன.

முத்துக்குளிப்பில் இருவர் சேர்ந்து பணிபுரிந்தனர். ஒருவர் கல்லைக் காலில் கோத்து ஆழத்தில் இறங்குவார். மற்றவர் படகில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். இறங்கியவர் மூச்சுமுட்டிக் கயிற்றை அசைத்தவுடன் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அதனால்தான் கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தவனிடம் ஒப்படைப்பார்கள் என்று அக்கடற்கரையில் சொல்வதுண்டு. தன் சகோதரியின் மாங்கல்யம் அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதை அறிந்தவன் கண்ணை வேறு பக்கம் திருப்ப மாட்டான் அல்லவா?

வேலை செய்யும் இடத்தில் பெரிய மாறுதல் வரும்போதும் இதே நிலைதான். புதிய முறை, புதிய இயந்திரம், புதிய நிர்வாகம் எது வந்தாலும் ஆழத்தில் இறங்குபவர்கள் சாதாரண ஊழியர்களே. மேலே நிற்பவரின் கை கயிற்றில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அவர்கள் கரையேறுகிறார்கள். மகனும் மருமகளும் அலுவலகத்தில் நடக்கும் மாறுதல்களைச் சொல்லிக் கவலைப்படும் இல்லங்கள் இன்று பல. கோயில் திருப்பணிக் குழுக்களிலும் குடும்பக் கடைகளிலும் பெரியவர்களே மாறுதலை முன்னின்று நடத்த வேண்டிய நிலையும் உண்டு. அத்தகையோர் சிந்திப்பதற்குத் தூத்துக்குடி வாழ்ந்துகாட்டிய பாடம் ஒன்று உள்ளது. அதைத் தந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

கோரல் மில்லின் ஒன்பது நாட்கள்

வ.உ.சி. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அவரைக் ‘கப்பலோட்டிய தமிழர்’ என்று போற்றும் நாடு, அவர் ஓர் ஆலையின் தொழிலாளர்களுக்காக நின்ற சில நாட்களை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.

ஏ அண்டு எஃப் ஹார்வி என்ற ஆங்கிலேயர் நிறுவனம் 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில் என்ற நூற்பாலையைத் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பணிபுரிந்தனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். விடியலில் உள்ளே சென்றவர் இருட்டிய பிறகே வெளியே வருவார். கூலியோ குறைவு. வளர்ந்த ஆண் தொழிலாளியின் வேலைநேரத்தைப் பஞ்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி என்று வரையறுத்த சட்டமே 1911-இல்தான் வந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முந்தைய நிலையை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அத்தொழிலாளர்களிடையே பேசத் தொடங்கினர். பிப்ரவரி 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அடுத்த ஒன்பது நாட்களில் வ.உ.சி. நடந்துகொண்ட முறையில் நான்கு செய்திகள் கவனிக்கத் தக்கவை.

முதலாவது, கோரிக்கைகள். நாட்டு விடுதலையைப் பேசியவர் அவர். ஆயினும் ஆலையின் வாயிலில் அவர் வைத்த கோரிக்கைகள் மூன்றே: கூலி உயர்வு, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, தேவைக்கேற்ற பிற விடுமுறைகள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் வீட்டுக்குச் சென்று மனைவியிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடியவை அவை. எதற்காக இந்தத் துன்பம் என்பது இறங்குபவனுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, வயிறு. வேலைக்குச் செல்லாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. கூலி இல்லையேல் அடுப்பு எரியாது. இதை முதலிலேயே உணர்ந்து வ.உ.சி. ஊராரிடம் நிதி திரட்டினார். தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவு கிடைக்கச் செய்தார். இயன்றவர்களுக்கு ஊரில் வேறு வேலை தேடிக் கொடுத்தார். மாறுதலைப் பேசும் தலைவர்கள் பலர். அந்த மாறுதலுக்கு இடையில் வரும் பசிக்குப் பொறுப்பேற்பவர் சிலரே.

மூன்றாவது, ஊர். ஆலைத் தொழிலாளியின் துயரம் ஆலைச் சுவருக்குள் முடங்கிவிடாமல் வணிகர், வழக்கறிஞர், வண்டிக்காரர் என எல்லாருடைய கவலையாகவும் அதை ஆக்கினார். தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய வழக்கறிஞர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அதைக் கேட்டதும் பாதியில் எழுந்து போய்விட்டார் என்று ஒரு செய்தி அவ்வூரில் இன்றளவும் வழங்குகிறது. மீதியை எங்கே முடித்துக்கொள்வது என்று அந்தக் கனவான் ஊரெல்லாம் அலைந்திருக்கக் கூடும்.

நான்காவது, முடிக்கத் தெரிந்தமை. நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தவும், வேலைநேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் இசைந்தது. உடனே தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினர். எதிர்த்தரப்பு இன்னும் தாழட்டும் என்று வ.உ.சி. இழுத்தடிக்கவில்லை. அன்று கல்கத்தாவில் ‘வந்தே மாதரம்’ ஏட்டை நடத்திவந்த ஸ்ரீ அரவிந்தர் தூத்துக்குடியின் இவ்வெற்றியை வெகுவாகப் பாராட்டினார். பின்னாளில் புதுவையில் மகாயோகியாகத் திகழ்ந்தவரின் பார்வை அன்றே இக்கடற்கரையின் மேல் விழுந்திருக்கிறது.

ஒரே தலைவர், இரண்டு பணிகள்

இவ்வெற்றி நிகழ்ந்து ஒருவாரம் முடிவதற்குள் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். நாள் 1908 மார்ச் 12. அடுத்து நடந்தவை மிக ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை.

அவர் கையில் அப்போது இரண்டு பெரும்பணிகள் இருந்தன. ஒன்று, 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனி. அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற பெருமகனார் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தனியுரிமை கொண்டாடிய பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பயணிகளைக் கட்டணமின்றி ஏற்றிக்கொண்டு குடையும் பரிசளிக்க முன்வந்தது என்றும் சொல்வார்கள்.

மற்றொன்று, அப்போதுதான் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருந்த ஆலைத் தொழிலாளர் ஒற்றுமை. அதற்கு மூலதனம் இல்லை, பதிவுப் பத்திரம் இல்லை, அலுவலகமும் இல்லை. வயது இரண்டே வாரம்.

தலைவர் சிறைக்குள் சென்ற பின்பு கப்பல் கம்பெனி தள்ளாடியது. அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. கப்பல்கள் கைமாறின. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அடக்குமுறையும் எதிரிகளின் பணபலமும் அதற்கு முதன்மையான காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அக்கம்பெனியின் பாரம் முழுவதும் ஒருவர் தோளில் இருந்தது. நிதி திரட்டியவர் அவர், பம்பாய்க்குச் சென்று கப்பலுக்கு அலைந்தவர் அவர், அன்றாடம் நடத்தியவரும் அவரே. மற்றவர்கள் பணம் கொடுத்தார்கள். சுமைக்குத் தோள் கொடுக்கும் அளவுக்குப் பழகவில்லை.

கோரல் மில்லில் நடந்ததோ வேறு. கைதுச் செய்தி பரவியதும் மார்ச் 13-இல் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் கடைகள் அடைபட்டன. கோரல் மில் தொழிலாளர்கள் யாரும் அழைக்காமலேயே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தனர். கூலிக்காகவோ விடுமுறைக்காகவோ அல்லாமல், தங்களுக்காக நின்ற மனிதருக்காக அவர்கள் வந்தார்கள். திலகர் பெருமானுக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததை வரலாறு பெரிதாகப் பேசும். அது 1908 ஜூலையில் நிகழ்ந்தது. தூத்துக்குடி அதற்கு நான்கு மாதம் முந்தியது.

ஒரே மனிதர்தாம் இரண்டையும் நடத்தினார். ஆற்றலிலும் நேர்மையிலும் குறையில்லை. எனினும் அவர் அகன்றபின் ஒன்று சாய்ந்தது, மற்றொன்று சில நாட்களாவது தானே நடந்தது. ஆலைத் தொழிலாளர்கள் கூடிப் பேசினார்கள், தாங்களே முடிவெடுத்தார்கள், அதன் துன்பத்தைத் தாங்களே தாங்கினார்கள். அந்த மாறுதல் அவர்களுடையதாகிவிட்டது. தலைவர் செய்து கொடுத்த மாறுதலைத் தலைவர் போனதும் திரும்பப் பெற்றுவிடலாம். தொழிலாளி தன் கையால் செய்த மாறுதலை அவ்வளவு எளிதில் பறிக்க இயலாது.

உடையவர் வாங்கிய சாவி

இப்பாடம் ஆலைகளோடு பிறந்ததன்று. திருக்கோயில்களும் ஒருவகையில் பணியிடங்களே. மடைப்பள்ளி முதல் நந்தவனம் வரை நூற்றுக்கணக்கானோர் முறைவைத்துக் கைங்கர்யம் செய்யும் பெருங்கோயில் ஒன்றில் நடைமுறையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்குத் திருவரங்கமே சான்று.

ஸ்ரீராமாநுஜர் திருவரங்கத்துக்கு எழுந்தருளியபோது கோயில் பொறுப்பும் சாவியும் பெரிய கோயில் நம்பி என்ற திருவரங்கத்து அமுதனாரிடம் இருந்தன. நிர்வாகத்தைச் சீர்படுத்த விரும்பிய உடையவர், அமுதனாரை அகற்றிவிட வேண்டியிருக்குமோ என்று முதலில் எண்ணினார். அப்போது பெருமாள், அவர் நெடுங்காலம் நமக்குப் பணிவிடை செய்தவர் ஆயிற்றே என்று உணர்த்தியருளினார் என்பது குருபரம்பரைச் செய்தி. அத்துடன் உடையவர் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். கூரத்தாழ்வானை அமுதனாரிடம் பழகவிட்டார். கூரத்தாழ்வான் அவசரப்படவில்லை. அமுதனாரின் அன்னையார் மறைந்தபோது பிறர் ஏற்கத் தயங்கும் பிரேதசிராத்தத்தில் தாமே முன்வந்து அமர்ந்தார். திருப்தியா என்று அமுதனார் வினவியபோது, கோயில் பொறுப்பை உடையவரிடம் ஒப்படைத்தால் திருப்தி என்றார். சாவி கைமாறிற்று. அந்த அமுதனாரே பின்னர் உடையவரின் அடியவராகி, வைணவர்கள் நாள்தோறும் ஓதும் இராமாநுச நூற்றந்தாதியை அருளினார்.

பொறுப்பு வந்தபின் உடையவர் பழைய பணியாளர்களை வெளியே அனுப்பவில்லை. ஐந்தாக இருந்த கொத்துகளைப் பத்தாக விரித்தார் என்று கோயிலொழுகு கூறும். திருக்கரகத்தில் தீர்த்தம் கொணர்பவர், விண்ணப்பம் செய்பவர், மாலை தொடுக்கும் தாசநம்பிகள் என ஒவ்வொருவருக்கும் இன்ன பணி, இன்ன மரியாதை என்று வகுத்தார். இத்தனை நடந்தும் எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. அவருடைய பிட்சை அன்னத்தில் நஞ்சு கலந்த கதையும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. நல்ல மாறுதலை நல்லவர் நடத்தினாலும் கசப்பு எழவே செய்யும். அதைக் கண்டு அவர் பணியைக் கைவிடவில்லை, பழிவாங்கவும் இல்லை.

காலம் வேறு, களம் வேறு என்றாலும் உடையவரின் செயலையும் வ.உ.சி.யின் செயலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொதுமை புலனாகும். மாறுதலால் யாருடைய இடம் அசையுமோ அவருடைய வீட்டுத் துக்கத்திலும் பசியிலும் பங்கெடுத்த பிறகே இருவரும் மாறுதலைப் பற்றிப் பேசினார்கள்.

உபந்யாசக் கூடத்தில் பிறந்த சங்கம்

செவிகொடுப்பது எவ்வளவு பெரிய தொடக்கம் என்பதைச் சென்னைப் பெரம்பூரும் காட்டுகிறது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் அருகே செல்வபதி செட்டியார் என்ற வணிகரும் இராமாநுஜுலு நாயுடு என்பவரும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்திச் சபையை நடத்தி வந்தனர். ஆலைத் தொழிலாளர்கள் அங்கே உபந்யாசம் கேட்க வருவார்கள். வந்த இடத்தில் தங்கள் குறைகளையும் சொல்வார்கள். உண்பதற்குக் கிடைக்கும் இடைவேளை போதவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று.

பக்திச் சபைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் என்ன தொடர்பு என்று அவ்விருவரும் ஒதுக்கிவிடவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான பி.பி. வாடியாவிடம் செய்தியைக் கொண்டு சென்றனர். 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் முன்னோடியாக அது கருதப்படுகிறது. சைவ நெறியில் ஊறிய திரு.வி.க. அதன் பணிகளில் முன்னின்றார். சிறையிலிருந்து மீண்டு சென்னையில் வறுமையோடு வாழ்ந்த வ.உ.சி.யும் அக்காலத் தொழிலாளர் கூட்டங்களில் பங்குகொண்டார். பகவானின் குணங்களைக் கேட்க வந்த இடத்தில் ஏழையின் குறையும் கேட்கப்பட்டது. இதைவிடப் பொருத்தமான சபை எது?

பேரேட்டிலிருந்து கணினிக்கு

மூத்த அன்பர்கள் பலர் தம் பணிக்காலத்திலேயே கண்ட மாறுதல் ஒன்றும் உண்டு. தூத்துக்குடி வங்கித்தொழிலுக்கும் பெயர் பெற்ற ஊர். 1921-இல் நாடார் வங்கியாகத் தோன்றி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் பெற்ற நிறுவனம் இன்றும் அங்கேயே தலைமையகம் கொண்டுள்ளது. நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் போலவே அவ்வூர்க் கிளைகளிலும் தடித்த பேரேடுகள் மேசைகளை நிறைத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

1980-களில் கணினி பற்றிய பேச்சு எழுந்தது. வேலை போய்விடும் என்ற அச்சம் நாடெங்கும் ஊழியர்களைப் பற்றிக்கொண்டது. 1983-இலும் 1987-இலும் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. எத்தனை இயந்திரம், எந்தக் கிளையில், எந்தப் பணிக்கு என்று வரையறுத்துப் படிப்படியாகவே மாறுதல் நடந்தது. ரங்கராஜன் குழுவின் அறிக்கைகள் அதற்கு வழிகாட்டின. வேகம் போதாது என்று அன்று குறைகூறியவர்கள் உண்டு. ஆனால் பேசி ஒப்புக்கொண்ட மாறுதலானபடியால் அது நிலைத்தது.

கிளைகளில் நடந்ததோ சுற்றறிக்கைகளில் எழுதப்படாத கதை. முப்பது ஆண்டுகள் பேரேட்டில் கூட்டிக் கழித்து ஒரு பைசா பிசகாமல் கணக்கை நேர்செய்தவர், ஐம்பத்தைந்து வயதில் விசைப்பலகையின் முன் விரல் நடுங்க அமர்ந்தார். அவர் அஞ்சியது இயந்திரத்துக்கு அன்று. நேற்றுச் சேர்ந்த இளைஞன் முன்னிலையில் ஒன்றும் தெரியாதவனாகிவிட்டோமே என்ற கூச்சமே அவரை வாட்டியது. இதை உணர்ந்த மேலாளர் தாமும் ஒரு மாணவராகப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். கிளை மூடியபின் யாரும் பார்க்காத நேரத்தில் பழகுவதற்கு வாய்ப்பளித்தார். கணக்கில் பிழை எங்கே வரும் என்பதை அந்த இளைஞனுக்குப் பெரியவரே கற்பிக்கும்படி செய்தார். இதை உணராத மேலாளரோ ஆணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத் தம் அறைக்குள் சென்றுவிட்டார். இருவர் கிளையிலும் ஒரே இயந்திரம்தான் வந்தது. ஒரு கிளையில் பெரியவர்கள் ஓய்வுபெறும் நாள்வரை மதிப்போடு பணிபுரிந்தார்கள். மற்றதில் ஓய்வு எப்போது வரும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தலைவரின் உள்ளம்

இவ்வாறு பிறரைத் தாங்கும் ஆற்றல் தலைவருக்கு எங்கிருந்து வருகிறது? வ.உ.சி.யின் பிற்கால வாழ்வு இதற்கு விடை கூறுகிறது.

1908 ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். உடல் நைந்த அக்காலத்தில் அவர் உள்ளம் உள்நோக்கித் திரும்பியது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேய அறிஞரின் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். உடனிருந்த கைதிகளுக்கு நல்லொழுக்கம் போதித்தார். ‘மெய்யறம்’ என்ற அறநூலும் சிறையில் உருவானதே. கப்பல் போயிற்று, தொழில் போயிற்று, செல்வம் போயிற்று. எஞ்சியதைப் பக்கத்தில் இருந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. பிற்காலத்தில் அதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. ஆங்கில அரசால் அழிக்கப்பட்டவர், ஓர் ஆங்கிலேயர் செய்த நன்மையைத் தம் பிள்ளையின் பெயரிலேயே பொறித்து வைத்தார். எதிர்த்த வேளையிலும் அவர் மனிதர்களை வெறுக்கவில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. 1935-இல் சிவஞான போதத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். நான், எனது என்னும் செருக்கு நீங்கினாலன்றி உயிர் இறைவனை அடையாது என்னும் நெறியில் தோய்ந்த அவர், மறு ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியிலேயே இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்த் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு

குடமுழுக்கு முடிந்த கையோடு சீட்டு முறையையும் வரிசை முறையையும் மாற்றத் திருப்பணிக் குழுவினர் முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்றாடம் அந்த மாறுதலைச் சுமக்கப் போகிறவர்கள் பரிசாரகரும், சீட்டுக் கொடுப்பவரும், பிரகாரம் பெருக்கும் அம்மையாருமே. கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்பு அவர்களில் எத்தனை பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது? பலகாலம் பூத்தொடுத்தவருக்குப் புதிய ஏற்பாட்டில் என்ன இடம்? அவருடைய வருமானம் குறைந்தால் அக்குறையை நிரப்புவது யார்? இவற்றுக்கு விடை தேடிய பிறகு தீர்மானம் எழுதுவதே முறை.

குடும்பக் கடையை மகனிடம் ஒப்படைக்கும் தந்தைக்கும் இது பொருந்தும். கணக்கை இயந்திரத்துக்கு மாற்றுகிறேன் என்று மகன் சொல்லும்போது, நாற்பதாண்டு உடனிருந்த கணக்கப்பிள்ளையின் முகத்தை முதலில் பார்க்கக் கூடியவர் தந்தை ஒருவரே. மாறுதல் வேண்டாம் என்று மகனைத் தடுக்கவும் தேவையில்லை, கணக்கப்பிள்ளையைக் கைவிடவும் தேவையில்லை. இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தினால் போதும்.

பொறுப்பிலிருந்து விலகும்போது ஒரு கேள்வியைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தாம் இல்லாத நாளில் இப்பணியை நடத்தத் தெரிந்தவர் எத்தனை பேர்? எல்லாவற்றையும் தாமே செய்வது தொண்டு போலத் தோன்றும். பிறரைப் பழக்காத தொண்டு, தொண்டரோடு முடிந்துபோகும் என்பதைச் சுதேசிக் கப்பல்களின் கதை எச்சரிக்கிறது. வாரத்தில் ஒருநாள் திருவிழாப் பொறுப்பை இளைஞர் ஒருவரிடம் விட்டுவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பது நல்ல தொடக்கம். அவர் தவறு செய்தால் திருத்தலாம், நன்றாகச் செய்தால் நான்கு பேர் முன்னிலையில் சொல்லலாம்.

ஆலையிலும் வங்கியிலும் கோயிலிலும் மாறுதல் வந்துகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்துவது யாருக்கும் இயலாது. இறங்கியவரின் கயிறு அசைவதை உணரும்படி கையை வைத்திருப்பது எல்லாருக்கும் இயலும். இவ்வாரம் சந்நிதியில் நிற்கும்போது, தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பணிபுரிகிறவர்களில் ஒருவரையேனும் பெயர் சொல்லி நினைத்து அவர் குடும்ப நலனுக்காக வேண்டிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் அவரை அழைத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாம்.